கோல் கம்பத்துக்குப் பின்னால் சிவராஜ்

மீன்குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸான மொஹிங்காவில் மிளகாய்த் தூள் போடாமல் சாப்பிடுகிறார் சிவராஜ் அண்ணன். முகத்தைப் பார்த்தால் கஷாயம் குடிக்கிறவர் போல இருக்கிறது. "மொளகா இல்லாத மொஹிங்கா, கஞ்சித் தண்ணி" என்று முனகிவிட்டு அடுத்த கரண்டியை வாயில் வைக்கிறார். அலோன் துறைமுகச் சாலையில் தஸ்தகீர் பாய் டீக்கடையில் உட்காரும் எங்களுக்கு இது ஆண்டுதோறும் கிடைக்கும் காட்சி. அண்ணன் மிளகாயை நிறுத்தினால், வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தால், ஐஸ் போட்ட எதையும் தொடாமல் இருந்தால், கோல்கீப்பர் ஆல்பின் இறந்த நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை.

தொண்டையைக் காப்பாற்றுகிறார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு தடவை கத்தியாக வேண்டும். செத்தவர்களுக்காக ஊர் உலகத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். எங்கள் டீக்கடையில் ஆல்பினுக்காக ஒரு சத்தம். பந்தாட்ட ரசிகர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், சிவராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லைக் கத்துவார், கைதட்டுவார்கள், பிறகு டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். இப்படித்தான் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

அண்ணனுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். குள்ளமான ஆள், கழுத்து மட்டும் தடி. கட்டம் போட்ட கைலி, தோளில் ஒரு துண்டு. அலோன் துறையில் கப்பலின் சரக்கறை வாயில் நின்று கிரேன்காரனுக்குக் குரல் கொடுப்பது அவர் வேலை. மேலே இருக்கும் கிரேன்காரனுக்கு அறைக்குள் நடப்பது தெரியாது. கீழே மூட்டை அடுக்குகிறவர்களுக்குக் கிரேன் தெரியாது. இந்த இரண்டு தரப்புக்கும் கண்ணும் வாயும் இவர்தான். இறக்கச் சொல்ல 'ஆரியா' என்பார். தூக்கச் சொல்ல வேறொரு சொல் உண்டு. என் காதில் அது 'ஆபீஸ்' என்றே விழுகிறது. அதெல்லாம் எந்த மொழி என்று ஒருமுறை கேட்டேன். "யாருக்குத் தம்பி தெரியும்? எங்கப்பா கத்துனாரு, நானும் கத்துறேன். மூட்ட எறங்குதில்ல, அது போதும்" என்றார்.

இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேசும்போது அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். எதைச் சொன்னாலும் முடிவில் "யபாதே, யபாதே" என்று பர்மியில் பரவாயில்லை போட்டுவிடுவார். டீயில் எறும்பு கிடந்தாலும் யபாதே, கூலி இரண்டு நாள் தள்ளிப் போனாலும் யபாதே. அவர் மனைவி நீலாம்பாள் அக்காவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

லான்மடாவில் கயிறும் சாக்கும் விற்கிற கடையில் நான் இருக்கிறேன். துறைக்குக் கயிறு கொண்டுவந்து போடப் போய்த்தான் அண்ணனைப் பழக்கம். ஆல்பினையும் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக் கிடங்கில் எழுத்தர் வேலை, துறைமுகத்து அணிக்கு கோல்கீப்பர். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். தாடி மழித்து, தலை வாரி, சட்டைப் பையில் பேனா குத்திய மனிதர் சனிக்கிழமையானால் சேற்றில் புரண்டு எழுந்து வருவார். பர்மியர் வாயில் நடுவில் வரும் 'ல்' நிற்காது என்பதால் மைதானம் முழுவதும் அவரை 'கோ ஆபின்', அதாவது ஆபின் அண்ணன், என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அண்ணனுக்கும் ஆல்பினுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பக்கவாட்டிலிருந்து பந்து சாய்ந்து வரும்போது அது கம்பத்துக்கு உள்ளே வருமா வெளியே போகுமா என்று கோல்கீப்பரால் சட்டென்று சொல்ல முடியாது. கம்பத்துக்கு நேர் பின்னால் நிற்பவனுக்கு அது கோடு போட்டதுபோலத் தெரியும். சிவராஜ் அண்ணன் அந்த இடத்தில்தான் நிற்பார். உள்ளே வருகிற பந்து என்றால் "எடு" என்று கத்துவார். வெளியே போகிறதென்றால், விட்டுவிடு, தொடாதே என்பதற்கு "உடு". எழுத்தில் விடு, வாயில் உடு. எதிரணியில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஒருமுறை எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய், கம்பத்துக்குப் பின்னால் ஒரு ஆள் ஏதோ சொல்லிக்கொடுக்கிறான் என்று புகார் சொன்னார். நடுவர் வந்து என்ன கத்துகிறாய் என்று கேட்க, அண்ணன் சாமி பேர் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். இந்தியர்கள் எதற்கெடுத்தாலும் சாமியைக் கூப்பிடுகிறவர்கள்தானே என்று நடுவரும் போய்விட்டார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இடது பக்கத்திலிருந்து ஒருவன் ஓங்கி அடித்தான். சிவராஜ் அண்ணன் கத்தினார். ஆல்பின் பாய்ந்தார். விரல் நுனி பந்தில் பட்டது, தலை கம்பத்தின் அடியில் மோதியது. பந்து வெளியே போனதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கைதட்டியது. எழுந்து நிற்பார், கையைத் தூக்கிக் காட்டுவார் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். நானும் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒவ்வொரு பக்கமாகச் சத்தம் அடங்கியது. ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. முப்பத்தைந்து வயதுகூட ஆகாத மனிதர். வீட்டில் மனைவி மக்தலேனா அக்காவும் பத்து வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள்.

அந்த வாரத்து விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்கள். கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழர் கடைசியாகக் கத்தினார் என்று கேள்விப்பட்டு, என்ன கத்தினார் என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் பர்மியன், துறையில் மூட்டை தூக்குகிறவன். அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் 'எடு' ஒன்று. 'எடு' என்று கத்தினார், அப்படியென்றால் பிடித்துக்கொள் என்று பொருள் என்று சொல்லிவிட்டான். எடு என்றார் நண்பர், உயிரைக் கொடுத்து எடுத்தார் வீரர் என்று அச்சேறிவிட்டது. சிவராஜ் அண்ணன் அப்போது கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கதை தன்பாட்டில் வளர்ந்தது. அன்றைக்கு நடந்தது சாதாரண லீக் ஆட்டம், இப்போது அது அரையிறுதி ஆகிவிட்டது. பந்தும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே வருகிறது. முதலில் கம்பத்தை உரசிக்கொண்டு வந்த பந்து, பிறகு ஒரு சாண் உள்ளே வந்தது, இப்போது கோலின் நட்டநடுவுக்கு வந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பக்கக் கம்பத்தையும் தாண்டி வெளியே போய்விடும் என்று தஸ்தகீர் பாயிடம் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது.

எல்லாரையும்விட அலுத்துப்போனவர் சிவராஜ் அண்ணன்தான். தெருவில் போனால் ஆள் காட்டுகிறார்கள். ஆல்பின் சாகும்போது பிறந்தேயிராத பிள்ளைகள் வந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரசிகர் கூட்டத்தின் தலைவர் கோ ஜோ லின், எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர், ஆண்டு தவறாமல் வீட்டுக்கே வந்து இவரை அழைத்துப்போகிறார். வர மாட்டேன் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. நீலாம்பாள் அக்கா என்னிடமே ஒருநாள் நொந்துகொண்டார். "செத்தவருக்குக் கத்தறதுக்குத் தொண்டயப் பொத்திப் பொத்தி வச்சிக்கிறாரு. உசிரோட இருக்கவ கூப்புட்டா ம்னு ஒரு சத்தம் வர்றதில்ல" என்றார். அண்ணன் அதற்கும் யபாதே சொன்னார்.

இந்த ஆண்டு மக்தலேனா அக்கா அவரைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் இந்தக் கூட்டத்துக்கு வந்ததே கிடையாது. அந்த நாளில் கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டு, கல்லறைக்குப் போய்விட்டு, கதவைச் சாத்திக்கொள்வார். கேட்டவர்களிடம், வாரத்தில் ஒருநாள் பார்த்தவர்கள் அழுவதை வாரம் ஏழு நாளும் பார்த்தவள் வந்து பார்க்க வேண்டுமா என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் குழந்தை ஜெசி இப்போது சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். அங்கிருந்தபடியே அம்மாவுக்கும் இடம் பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் அக்கா புறப்படுகிறார். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அண்ணனிடம் ஒன்று கேட்டிருக்கிறார்.

"கடைசியா அவரு காதுல உழுந்தது ஒங்க சத்தந்தாண்ணே. போறதுக்கு முன்னால நானும் ஒரு தரம் அதக் கேட்டுட்டுப் போறேன்."

மறுநாள் அண்ணன் என் கடைக்கு வந்தார். கயிறு வாங்குகிற நாள் இல்லை. சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார், அன்றைக்கு அவர் கத்தியது 'எடு' இல்லை, 'உடு'. பந்து ஒரு முழம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அது பாட்டுக்கு வேலியில் போய் இடித்திருக்கும். ஆல்பின் மழையிரைச்சலில் 'எடு' என்று கேட்டாரோ, என்ன கேட்டாரோ.

எனக்கு நம்ப முடியவில்லை. டீக்கடையில் ஆண்டுதோறும் கத்துவது எடுதானே என்றேன். இல்லை, அங்கேயும் உடுதான் என்றார். முதல் ஆண்டிலிருந்து அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறாராம். வேறு சொல் வாயில் வரவில்லையாம். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், தஸ்தகீர் பாய் கேட்டிருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் தமிழர்கள். எங்களுக்கும் அது எடு என்றே கேட்டிருக்கிறது. இழுத்துக் கத்தும்போது கடைசி எழுத்துத்தான் ஓங்கி நிற்கிறது, முதல் எழுத்து போய்விடுகிறது. பத்திரிகையில் எடு என்று வந்துவிட்டது, எங்கள் காதும் அதைப் படித்துக்கொண்டுவிட்டது. வெட்கமாக இருந்தது எனக்கு.

"அந்தப் புள்ள மக்தலேனா காதுக்குத் தெரிஞ்சிரும் தம்பி" என்றார் அண்ணன். "எடுன்னு கத்துனா, அவரக் கொன்னது நானு. உடுன்னு கத்துனா, அவரு செத்தது சும்மா. எதக் கத்துறது, நீயே சொல்லு."

ஒரு மனிதன் வெளியே போகிற பந்துக்காகச் செத்தான் என்று அவன் பெண்டாட்டியிடம் போய் யார் சொல்வார்கள்? பதினாலு ஆண்டுகளாக அந்த அம்மாள் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான், அணியைக் காப்பாற்றப் போய்ச் செத்தார் என்பது. வேண்டுமானால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், இதைச் சொல்லத்தானா உன்னிடம் வந்தேன் என்பது இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். அன்றைக்கு யபாதே சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து மழை. கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, முக்காலிகளைப் போட்டு வைத்திருந்தார் தஸ்தகீர் பாய். கோ ஜோ லின் இந்த ஆண்டு புதிதாக ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆல்பின் படம், பக்கத்தில் ஆளுயரத் தமிழ் எழுத்து. தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத யாரோ எழுதிக்கொடுக்க, தமிழே தெரியாத அச்சுக்கடைக்காரர் அடித்திருக்கிறார். எ-வுக்குக் கீழே ஒரு கோடு கூடுதலாக விழுந்து 'ஏடு' என்று நின்றது. கோ ஜோ லின் என்னிடம் பெருமையாக, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அதைத் திருத்தச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

மக்தலேனா அக்கா பழுப்புநிறத் தமேன் கைலியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, குடையை மடக்கிக்கொண்டு வந்தார். ஆண்கள் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பாய் தம் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. பேச்சுகள் நடந்தன. ஒருவர் அரையிறுதி என்றார், அடுத்தவர் இறுதி ஆட்டம் என்றார். பந்து கோலின் நடுவுக்கு வந்தது. பர்மியில் பேசியது அத்தனையும் அக்காவுக்குப் புரியும். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் மடியில் கிடந்த குடையின் பட்டையைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

கோ ஜோ லின் கையைத் தூக்கினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தெருவில் சைக்கிள் ரிக்ஷா மிதித்துப் போன சைக்காக்காரர் ஒருவர்கூடக் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினார். சிவராஜ் அண்ணன் முன்னால் வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. இருமுவாரோ, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டுவாரோ என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் அதைத்தான் வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே கத்தினார்.

"விடு!"

உடு இல்லை. எழுத்தில் இருப்பதுபோல, வி-யை அழுத்தி, ஒரு எழுத்தும் யாருக்கும் தவறிப்போகாதபடி. இழுக்கவும் இல்லை. அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சுத்தமான தமிழ்ச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த தஸ்தகீர் பாயின் கை அப்படியே நின்றுவிட்டது. தமிழ் தெரியாத மற்றவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வழக்கம்போல் கைதட்டினார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேமரா வைத்திருந்த ஒருவர் சரியாகப் பதியவில்லை, இன்னொருமுறை கத்த முடியுமா என்று பர்மியில் கேட்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பந்து வெளியதான் போச்சும்மா" என்றார் அண்ணன். பேசும் குரல் மறுபடியும் காதைக் கொடுக்க வேண்டிய குரலாகிவிட்டது. "உடுன்னுதான் கத்துனேன். அவருக்கு எப்புடிக் கேட்டுச்சோ, எனக்குத் தெரியல."

கூட்டம் டீக்கும் சமோசாவுக்கும் திரும்பியிருந்தது. தார்ப்பாயில் மழை விழும் சத்தத்துக்கு நடுவில், யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வதுபோல அக்கா பேசினார்.

"அன்னைக்குக் காலையில காய்ச்சல் அவருக்கு. ஒடம்பு கொதிச்சிச்சு. இன்னைக்கு ஒரு நா உட்டுருங்க, போவாதீங்கன்னு நானுந்தான் சொன்னேன். வாசல்ல குறுக்க நின்னு சொன்னேன். என்னையத் தள்ளி நிப்பாட்டிட்டுப் பூட்ஸ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "காதெல்லாம் நல்லாத்தாண்ணே கேக்கும் அவருக்கு. யாரு பேச்ச கேட்டாரு?"

தஸ்தகீர் பாய் ஆவி பறக்க ஒரு டீயைக் கொண்டுவந்து சிவராஜ் அண்ணன் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அக்காவின் டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அண்ணன் சூடான கோப்பையை அக்கா பக்கம் நகர்த்தினார். ஆறிப்போனதை எடுத்து, ஆடையோடு சேர்த்து, ஒரே மடக்கில் குடித்தார்.